முதல் நாளே புறப்பட்ட பை

புளியங்கூடல் சின்னத்தங்கம் அக்கா ஒருவரையும் நம்பமாட்டார். ஊரறிந்த விஷயம்; நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பால்காரி கண்முன்னே கறந்து கொடுத்தாலும் ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்ப்பார். யாழ்ப்பாணம் என்று பலகை போட்டுக்கொண்டு நிற்கிற பஸ்ஸில் கொண்டக்டரிடம் ஒருதரம், சாரதியிடம் ஒருதரம், ஏறி இருந்தபின் பக்கத்துச் சீற்காரரிடம் ஒருதரம் அது எங்கே போகிறது என்று கேட்பார். ஐயர் கொடுத்த திருநீற்றை மணந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். கிறிஸ்தவ வேதக்காரனான எனக்குக் கோயில் கதை எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஐயரே என்னிடம் சொல்லிச் சிரித்ததுதான்.

என் பெயர் பஸ்ரியாம்பிள்ளை. ஊர்காவற்றுறையில் இருபது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு சனம் இடம்பெயர்ந்து கடையும் மூடிய பிறகு, திரும்பி வந்த கொஞ்சப் பேரில் நானும் ஒருவன். யாழ்ப்பாணம் போகிற பாதை அடைத்துக் கிடந்தது. வெளியூர் போவதென்றால் மாதத்தில் இரண்டு தரம் திருகோணமலைக்குப் போகிற கப்பல்தான் வழி. அந்தக் கப்பலுக்குப் பெயர்ப்பட்டியல் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியாக வரும். அந்த வேலையில் இருந்தால் அந்தோனியாருக்கே வந்திருக்கும்.

அக்காவுடைய சந்தேகம் பிறவிக் குணம் என்று சிலர் சொல்வார்கள். பொய். அவர் சரவணையில் பிறந்து புளியங்கூடலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கலகலவென்று பேசித் திரிந்த மனுசி. கணவர் சிவபாதம் மாத்தறைப் பக்கம் ஒரு கடையில் இருந்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல்கள் வந்தன அல்லவா? அப்படி ஒரு கப்பலின் பட்டியலில் சிவபாதம் என்ற பெயர் இருந்ததாக யாரோ வந்து சொன்னார்கள். அக்கா பதின்மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு, மனுசனுக்கு மாற்றி உடுக்கச் சாரமும் எடுத்துக்கொண்டு விடியவே போய் நின்றார். கப்பல் வந்தது மத்தியானம் திரும்பின பிறகுதான். எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கின சிவபாதம் காரைநகர்க்காரர். அந்த மனுசன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் உயிரோடு வந்ததே பிழை என்பதுபோல, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி" என்றாராம். புளியங்கூடல் சிவபாதம் எந்தக் கப்பலிலும் வரவில்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை ஒரு சொல் வந்ததில்லை. அதற்குப் பிறகும் எழுதிய பட்டியலையும் சொன்ன நேரத்தையும் ஒருத்தி நம்பவேண்டும் என்றால் அவள் மனுசி இல்லை, கல்லு.

மகள் சறோஜினிதேவி எண்பத்தொன்பதில் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் பாதை அடைபட்டது. தாயும் மகளும் நாலு வருடம் முகம் பார்க்கவில்லை. தொண்ணூற்றுமூன்று ஆவணியில் ஒரு கடிதம் வந்தது: ஜேர்மனியில் மாப்பிள்ளை சரிவந்துவிட்டது, வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் பிளேன், ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கோ அம்மா. திங்கட்கிழமைக் கப்பலில் ஏறினால் செவ்வாய் திருகோணமலை, புதன் கொழும்பு. அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்து. அதற்குள் பிள்ளை போய்விடும். இதுதான் விஷயம்.

ஊர் விதானையார் எழுதித் தந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு, கப்பலுக்கு நாலு நாள் முன்னதாக அக்கா என் கந்தோருக்கு வந்தார். கந்தோர் என்றால் துறைக்குப் போகிற வீதியில் ஒரு பழைய கடை. முன்னால் ஒரு மேசை, பின்னால் ஒரு விறாந்தை, அங்கே உட்கார ஏலாத உடைந்த கதிரைகள். நானே முதல் பெயராக அவரைப் பதிந்து இலக்கத் துண்டைக் கொடுத்தேன்.

"கப்பல் எத்தினை மணிக்குத் தம்பி?"

"பத்து மணிக்கு. நீங்கள் ஆறு மணிக்கு வரவேணும்."

அக்கா கண்ணைச் சுருக்கினார். "பத்துக்குப் போற கப்பலுக்கு ஆறுக்கு ஏன்? என்னை நாலு மணித்தியாலம் வைச்சு என்ன செய்யப்போறியள்?"

நான் பொறுமையாகத்தான் தொடங்கினேன். ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடுவோம். துண்டும் அடையாள அட்டையும் காட்டவேண்டும். ஏழு மணிக்குப் பையைத் திறந்து காட்டவேண்டும், ஆளையும் நேவிக்காரர் சோதிப்பார்கள், பெண்களைப் பெண்கள்தான். எட்டு மணிக்கு வாசல் பூட்டு, பூட்டினால் பூட்டினதுதான். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். ஒன்பது மணிக்கு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பத்து மணிக்கு நங்கூரம் தூக்கும். பையைப் பூட்டக்கூடாது.

"பூட்டாத பையும் ஒரு பையோ? சரி, உதிலை எது சரியான நேரம்?"

"எல்லாம் சரியான நேரம்தான்!"

"ஒரு கப்பலுக்கு அஞ்சு நேரமோ?" என்று கேட்டுவிட்டு, என்னை ஏதோ களவில் பிடித்தவர்போல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் திரும்ப வந்து நின்றார். ஊரெல்லாம் விசாரித்து முடித்திருந்தார். "விதானையார் ஆறு எண்டார். தபாற்கந்தோர்க் கிறேஸ் எட்டு எண்டுது. வள்ளம் வலிக்கிற சில்வெஸ்ரர் ஒன்பது எண்டு அடிச்சுச் சொல்லுறான். போன தரம் போயிட்டு வந்த ஆக்கள் பத்து எண்டினம். நீர் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லுறீர். இதிலை ஆர் பொய்?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மேசையில் ஓங்கி அடித்தேன். "ஒருத்தரும் பொய் இல்லையக்கா! ஒவ்வொருத்தரும் தங்கடை தங்கடை வேலை நேரத்தைச் சொல்லுகினம். உங்களுக்கு விளங்காட்டி விட்டிடுங்கோ. ஆறு மணி. ஆறு எண்டால் ஆறு. வேறை ஒண்டும் யோசியாதேங்கோ."

"விடிய ஆறு மணிக்கு என்னை இஞ்சை கூப்பிட்டுப்போட்டு அங்கை என்ரை கதவு நிலையைக் கழட்டிக்கொண்டு போகவோ?"

"என்ன கோதாரி கதை இது! உங்கடை கதவை வைச்சு நான் என்ன செய்ய?"

"நீர் எண்டு நான் சொன்னனானோ?" என்றார் அவர்.

சிரிக்கிறீர்கள். ஆனால் ஆளில்லாத வீடுகளின் கதவும் ஓடும் காணாமல் போன காலம் அது. சந்தேகம் அக்காவுக்கு மட்டும் உரிய சீதனம் இல்லை. ஒருவன் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால், இவனுக்கு யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று நாங்கள் எல்லாருமே பார்த்தோம். இரண்டு பேர் வேலியடியில் நின்று கதைத்தால் மூன்றாவது ஆள் வீட்டுக்குள் போய்விடுவான். நானும் அப்படித்தான். அதை இவ்வளவு லேசாக எழுதுகிறேன் என்றால், அப்போது அது சோறு தண்ணீர் மாதிரி.

இனி வருவது எனக்குப் பிறகு தெரிந்தது. திங்கட்கிழமை கிழக்கே சூலம். கிழக்குப் பார்த்துப் பயணம் வைக்கக்கூடாது. திருகோணமலை கிழக்கே. அது போதாதென்று, திங்கட்கிழமை ஏழரை தொடக்கம் ஒன்பதுவரை இராகுகாலம். நான் சொன்ன எட்டு மணி அதற்குள்ளேதான் வந்து விழுந்தது. கப்பல் கிழமை பார்த்து ஓடுமா? ஓடாது. சைவச் சனம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் நல்ல நேரத்தில் பயணப் பொருளில் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய், வீட்டுக்கு வெளியே வேறோர் இடத்தில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாம். பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். பிறகு ஆள் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் குற்றமில்லை. பொதுவாகப் பக்கத்து வீட்டில்தான் வைப்பார்கள். அக்காவுக்குப் பக்கத்து வீட்டாரை நம்ப ஏலாது, எதிர்வீட்டாரை அறவே ஏலாது. ஞாயிறு காலை, நாங்கள் பூசையில் இருந்த நேரம், அவர் பையைக் கொண்டுபோய் எங்கேயோ வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்.

திங்கள் காலை ஐந்தே முக்காலுக்கே அக்கா வந்து நின்றார். நான் அப்போதுதான் கதவைத் திறக்கிறேன். ஆறு மணிக்குக் கூப்பிட்ட முதல் பெயர் அவருடையது. அடையாள அட்டையைக் காட்டினார், துண்டைக் காட்டினார், எல்லாம் சரி. கையில் ஒன்றும் இல்லை.

"பை எங்கையக்கா?"

"இருக்கு."

"எங்கை இருக்கு?"

அவர் வரிசையில் நின்றவர்களை ஒருதரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருக்கெண்டு சொல்லுறன், பிறகென்ன?" என்றார். சனத்துக்கு முன்னால் இடத்தைச் சொன்னால் யாரும் எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. எதையோ மறைக்கிறார் என்றுதான் பட்டது. அறுபதுக்கு மேற்பட்ட பெயர்கள் மிச்சம் இருந்ததால் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஏழு மணி. கப்பல் நாளில் நேவிக்காரர் சுற்றுவட்டாரத்தை ஒருதரம் பார்ப்பது வழக்கம். ஒருவன் என் கந்தோரின் பின்பக்கம் போனான். அடுத்த நிமிடம் விசில் ஊதினான். "எல்லாரும் அங்கால போங்கோ!" என்று தள்ளினார்கள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. என் பின்விறாந்தையில், உடைந்த கதிரைகளுக்குக் கீழே, ஆளில்லாத ஒரு பை.

நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பழைய ரெக்சின் பை. அதற்கு மேலே சீனிச் சாக்குச் சுற்றி, கோணி ஊசியால் நெருக்க நெருக்கத் தைத்திருந்தது. அதற்கும் மேலே நாய்ச் சங்கிலியால் கட்டி, இரண்டு ஆமைப்பூட்டு. கடவுளே! என் கந்தோர். என் விறாந்தை. யார் கொண்டுவந்து வைத்தது? என்னை மாட்ட வைக்க நினைக்கிற எதிரி யார்? இரண்டு மூன்று முகம் உடனே மனத்தில் வந்தது. அதில் ஒருவர் என் சொந்த மைத்துனர்.

"ஐயோ, அது என்ரை பை!" என்று கத்திக்கொண்டு சின்னத்தங்கம் அக்கா ஓடிவந்தார். மறித்துப் பிடித்தார்கள்.

அதிகாரி ஒருவர் வந்தார். இளம் ஆள், மரியாதையான ஆள், பொய் சொல்லக்கூடாது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அரைகுறைச் சிங்களம். என்னை நடுவில் நிறுத்தினார்.

"இந்தப் பையை எப்போது வைத்தீர்கள்?"

"நேற்றுக் காலமை."

"பயணம் எப்போது?"

"இண்டைக்கு."

"பயணம் இன்றைக்கு என்றால் பை ஏன் நேற்று வந்தது?"

அக்கா என்னைப் பார்த்தார். "இண்டைக்குக் கிழக்கே சூலம் எண்டு சொல்லும் தம்பி. அதாலை பயணம் நேற்றே தொடங்கியிட்டுது எண்டு சொல்லும்."

சூலத்துக்குச் சிங்களம் எனக்கு எங்கே தெரியும்? "பயணம் நேற்றுத் தொடங்கிவிட்டதாம்" என்றேன்.

"யாருடைய பயணம்?"

"பையினுடைய."

அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாரோ, ஒளிக்கிறேன் என்று நினைத்தாரோ தெரியாது. பிறகு அவர் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார்: "உமக்கு இந்த அம்மாவைத் தெரியுமா? நன்றாகத் தெரிந்தவர் என்றால் ஒரு கையெழுத்து வையும். இப்போதே அவரைக்கொண்டு திறப்பித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன். தெரியாது என்றால், காரைநகரிலிருந்து குண்டு பார்க்கிற ஆள் வந்துதான் திறக்கவேண்டும்."

மணி ஏழு இருபத்தைந்து. ஒரு கையெழுத்து. என் சீவியத்தில் ஆயிரக்கணக்கில் வைத்தது.

அந்தப் பையை நான் இன்னொருதரம் பார்த்தேன். தையல், சங்கிலி, பூட்டு. ஏன் இவ்வளவு? காலையில் ஏன் இடத்தைச் சொல்லவில்லை? ஒரு பகலும் ஓர் இரவும் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. யாரும் உள்ளே எதையாவது செருகியிருந்தால்? அல்லது யாராவது இந்த மனுசியிடம் கொடுத்து அனுப்பியிருந்தால்? மகளைப் பார்க்கும் ஆசையில் இவர் ஓம் என்றிருந்தால்? உள்ளே ஏதும் இருந்து, என் கையெழுத்தும் தாளில் இருந்து, வீட்டில் என் மனுசி மூன்று குமர்ப்பிள்ளைகளோடு... இப்போது எழுதும்போது எல்லாம் விசர் யோசனையாக இருக்கிறது. அப்போது ஒவ்வொன்றும் கல்லில் வெட்டியதுபோல் நிச்சயமாக இருந்தது.

"பெயர் மட்டும்தான் தெரியும்" என்றேன். இருபது வருடம் பழகிய மனுசியை.

அக்காவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. "என்ன தம்பி கேட்டவர்? நீர் என்ன சொன்னீர்?"

"கொஞ்சம் பொறுக்கட்டாம். இப்ப முடிஞ்சிடும்."

எதையும் மூன்றுதரம் கேட்கிற சின்னத்தங்கம் அக்கா அன்றைக்கு ஒருதரம்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. "சரி, நீர் சொன்னால் சரி" என்று மதிலோரம் குந்திக்கொண்டார். பூட்டுகளின் திறப்புகளை இடுப்பில் இருந்து அவிழ்த்து, ஆயத்தமாகக் கையில் வைத்துக்கொண்டார்.

மற்றவர்களை வேறு பக்கத்தால் சோதித்து உள்ளே விட்டார்கள். எட்டு மணிக்கு வாசலைப் பூட்டினார்கள். பூட்டின சத்தத்துக்குத்தான் அக்கா எழும்பினார். ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தார்.

"பை வேண்டாம்! பையைக் கடலிலை எறியுங்கோ! என்னை விடுங்கோ, என்ரை பிள்ளை வியாழக்கிழமை போகுது! நாலு வருசம், ஐயா, நாலு வருசம் நான் அவளைக் காணேல்லை!"

அந்தக் குரலை எழுத எனக்கு ஏலாது. கம்பிக்கு உள்ளே வரிசையில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பை யாருடையது, உள்ளே என்ன என்று தெரியும்வரை ஆளை விடமுடியாது என்று அதிகாரி சொன்னார். அவருக்கும் முகம் சரியில்லை. பட்டியலைக் கப்பலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஏறாதவர்களின் பெயருக்கு நேரே ஒன்று எழுதவேண்டும் என்பது சட்டம். முதலாம் இலக்கத்துக்கு நேரே எழுதினேன்.

"என்ன எழுதினீர்?" என்றார் அக்கா.

"வரவில்லை எண்டு."

"நான் வந்தனான்தானே?"

"ஓம் அக்கா."

ஒன்பதரைக்குக் காரைநகரிலிருந்து ஆள் வந்தார். எல்லாரையும் எட்ட நிறுத்திவிட்டு, சங்கிலியை வெட்டி, சாக்கைக் கிழித்தார். ஒரு கூறைச்சேலை, அக்காவின் சொந்தக் கூறை, பழைய துவாயில் சுற்றியிருந்தது. ஒடியல் மா ஒரு பை. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு பை. அதைத் திறந்தவர் மூன்றுதரம் தும்மினார். நாலு ஓலைக் குட்டான் பனங்கட்டி. ஒரு கைக்குழந்தைச் சட்டை, மகளுடையது, இருபத்துமூன்று வருடப் பழசு. அவ்வளவுதான். அவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கி வைத்தார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

வள்ளங்கள் எப்போதோ போய்விட்டிருந்தன. பத்து மணிக்கு, நான் சொன்ன அதே பத்து மணிக்கு, கப்பல் ஊதியது. வியாழக்கிழமை சறோஜினிதேவி போய்விட்டாள். அதற்குப் பிறகு தாய்க்கு வந்ததெல்லாம் படங்கள்தான்.

ஆனால் கப்பல் ஊதின அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். அழவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கா பைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கிழிந்த சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவருக்கு மேலே நின்றேன்.

"ஊரிலை உங்களுக்கு வேறை இடமே கிடைக்கேல்லையோ? எத்தினை வீடு கிடக்கு! கோயில் கிடக்கு! உதைக் கொண்டுவந்து என்ரை கந்தோருக்குப் பின்னாலை ஏன் வைச்சனீங்கள்? ஏன் என்ரை கந்தோர்? சொல்லுங்கோ!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

"உம்மடை சங்கக்கடைச் சீனியை இருபது வருசமா வீட்டை கொண்டுபோய்த் திருப்பி நிறுத்துப் பாத்தனான் தம்பி. ஒருநாளும் குறையேல்லை. வேறை ஆரை நம்பி வைக்க?"

பிறகு பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. புளியங்கூடல் பக்கமாக நடந்து போனார்.